பன்னிரண்டில் ஒரு துண்டு

ஜெராய் மலையடிவாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியர் நாற்காலி ஒரு திங்கட்கிழமை துளிர்விட்டது. ரப்பர்க் கட்டையில் செய்தது. செரீனா டீச்சர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போன இரண்டு மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை. முக்காலிலிருந்து மூன்றில் இரண்டைக் கழிக்கும் கணக்கைப் பாதியில் நிறுத்தி, நாளைக்குச் சொல்கிறேன் என்றிருந்தார். அன்று மாலையே மாற்றல் கடிதம் வந்துவிட்டது. வெண்பலகையில் இருந்த அந்தக் கணக்கை மாணவி உமாராணி யாரையும் அழிக்கவிடவில்லை. பதினொரு வயது, விடை தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். இலை இருக்கும்வரை டீச்சர் வருவார் என்பது அவளுடைய முடிவு.

புதிய ஆசிரியர் வரவில்லை. ஆசிரியர் தினம் வந்தது. மெர்கோங்கில் டயர் கடை வைத்திருக்கும் அழகேசன், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், கோட்டும் கேக்குமாக அந்த வகுப்புக்கு வந்தார். ஆசிரியர் கேட்டு மேலிடத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை மறந்திருந்தார்; நல்லாசிரியரின் பெருமை பற்றிய பதினான்கு பழமொழிகளை மறக்கவில்லை. பழமொழிக்கு ஒன்று வீதம் நாற்காலி இலை உதிர்த்தது. பதின்மூன்றாவது முடிந்தபோது ஒரே ஓர் இலை மிச்சம். உமாராணி எழுந்தாள்.

“அங்கிள், போதும்லா. கணக்கு தெரிஞ்சா சொல்லுங்க.”

கைதட்டலுக்குப் பழகியவர், மார்க்கரை எடுத்தார். மேலே மூன்றில் இரண்டு போனால் ஒன்று, கீழே நான்கில் மூன்று போனால் ஒன்று, ஆக விடை ஒன்று என்று எழுதி வட்டமும் போட்டார்.

“முக்காலிலேருந்து எடுத்தா எப்படி அங்கிள் முழுசா வரும்?”

அழகேசன் தான் போட்ட வட்டத்தை அழித்தார். “எனக்கும் தெரியலம்மா,” என்றார். காலையிலிருந்து அவர் சொன்னதில் அதுதான் முதல் உண்மை. நாற்காலியில் ஓர் இலை துளிர்த்தது. கோட்டைக் கழற்றிவிட்டுக் கேக்கை நான்காக வெட்டினார். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டச் சொன்னாள் அவள். பன்னிரண்டு துண்டில் முக்கால் ஒன்பது, மூன்றில் இரண்டு எட்டு. ஒரு துண்டு மிஞ்சியது. அதை டீச்சருக்கென்று எடுத்துவைத்தாள்.

இப்போது உமாராணி இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். புதன்கிழமை மட்டும் இங்கே வந்துவிடுகிறாள். அன்று அழகேசன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து தப்புத் தப்பாகக் கணக்குப் போட, பிள்ளைகள் திருத்துகிறார்கள். நாற்காலி கூரையை முட்டியதால் இரண்டு தகரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். செரீனா டீச்சர் வரவில்லை. கேக் துண்டு நாற்காலியடியில் இருக்கிறது. மூன்று ஆண்டாகியும் கெடவில்லை. எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.