மூன்றாம் மேடு

ஐப்பசித் திங்களின் அடைமழை ஐந்து நாள் கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்த காலை அது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஏரிகள் கரை தளும்பி நிற்க, மல்லாட்டை எனும் நிலக்கடலை விளையும் கொல்லைகள் சேறாகிக் கிடக்க, பாறைக் குன்றுகள் நனைந்து கறுத்து முகில் போர்த்திருக்க, கதிரவன் எழுந்தானா இல்லையா என்று ஊரார் ஐயுறும்படி விடிந்திருந்தது. கற்றறிந்த நண்பரே, அன்று கல்லறைத் திருநாள். கிறித்தவ மக்கள் இறந்தோரை நினைந்து, புல் செதுக்கி, மண் அணைத்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, அது எரிந்து அணையும்வரை அருகிருந்து வரும் நாள். நான்கு அகவையில் காய்ச்சல் கொண்டுபோன தன் மகள் எலிசாவின் மண்மேட்டருகே அன்று அமர்ந்திருக்க வேண்டிய இருதயசெல்வியோ, விழுப்புரம் செல்லும் பேருந்தின் சாளரத்தோரம் அமர்ந்து ஆங்கிலச் சொற்களை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் திண்டிவனத்து மருத்துவமனை ஒன்றில் செவிலி. கணவன் டோமினிக் குயிலாப்பாளையத்தில் தச்சுவேலை செய்து, வாரம் ஒருமுறை வீடு வருபவன். எலிசா போன ஆறாண்டுகளில் இருவரும் உண்டார்கள், உறங்கினார்கள், உற்றார் மணவினைகளுக்குச் சென்று சிரித்தும் வந்தார்கள். மகளின் பெயரை மட்டும் ஒருவர்முன் ஒருவர் எடுத்ததில்லை. அடக்கம் செய்த நாளுக்குப் பின் டோமினிக் இடுகாட்டு வாயிலை மிதித்ததுமில்லை. அந்த வீட்டைவிட்டு எட்டிப் போனால் மூச்சு விடலாம் என்றெண்ணியே, அயல்நாட்டு முதியோர் இல்லம் ஒன்றின் பணிக்கு அவள் விண்ணப்பித்தாள். அதற்கு ஆங்கிலம் பேச வேண்டும். நேர்காணலோ, பொல்லாத வேளை, கல்லறைத் திருநாளிலேயே வந்து விழுந்தது.

ஆங்கிலம் கற்பித்தவள் புனிதா; இருதயசெல்வியைவிட இளையவள். உலகத் திருநாள்களின் தோற்றத்தையும் வழக்கத்தையும் பேசவைத்தே மொழி பழக்குவது அவள் முறை. மேலைநாட்டார் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றும் விழா, புனிதர் அனைவர் பெருநாளின் முந்திய மாலையில் கொண்டாடப்படுவது என்று ஒருநாள் அவள் விளக்கினாள். "நாம நடுரோட்டுல போட்டு உடைக்கிறத அவங்க கண்ணு மூக்கு வச்சு வாசல்ல குந்த வச்சுக்கினு இருக்காங்க" என்று கண்டமங்கலத்துச் சீனுவாசன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அவன் பொங்கலைப் பற்றிப் பேசினான். இருதயசெல்விக்குக் கல்லறைத் திருநாள் வாய்த்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவுமடத் தலைவர் ஒருவர் தம் மடத்தார்க்கு வகுத்த நினைவுநாள், கடல் கடந்து பரவித் தன் ஊர் வரை வந்த வரலாற்றை அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். வழக்கங்களைச் சொல்லும்போது, தன்னையறியாமல் மகளைச் சொன்னாள். "என் மகளின் மேடு வேப்பமரத்திலிருந்து மூன்றாவது. மதிலில் செங்கல் பெயர்ந்த இடத்துக்கு நேர் எதிரே." சொல்லி முடித்தும் கண் கலங்காதது அவளுக்கே வியப்பாயிருந்தது. தாய்மொழியில் சொல்லாய் எழ மறுத்த துயரம், பிறர்மொழியில் வெறும் பாடமாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்றுமுதல் அதையே முப்பது முறை சொல்லிப் பழகினாள்.

அவ்வூர்க் கல்லறைத் தோட்டம் கைப்பிடியளவு நிலம். ஐந்தாண்டு கடந்த மண்மேட்டில் திருநாளன்று திரி எரியாவிடில், கேட்பாரற்றது என்று கொண்டு அடுத்து இறப்பவர்க்கு அவ்விடத்தைத் தோண்டுவது அவ்வூர்த் தேவாலயப் பங்கின் வழக்கம். குழிவெட்டும் அமிர்தசாமி, திரி எரியும் மேடுகளுக்கெல்லாம் அந்தியில் சுண்ணாம்புக் குறியிட்டுப் போவார். ஆகவே திருநாளுக்கு முந்தைய நாள் இருதயசெல்வி கணவனிடம் வாய்திறந்து கேட்கவேண்டியதாயிற்று.

"நாளைக்கு நீங்க போய்ட்டு வர்றீங்களா? நான் விழுப்புரம் போவணும்."

டோமினிக் தலையசைத்தான். "போறேன். நான் செஞ்ச சிலுவைதானே நட்டிருக்குது. பாத்தா தெரியாதா?"

வேப்பமரம், மூன்றாவது மேடு, பெயர்ந்த செங்கல் என அனைத்தும் அவள் நாவில் ஆங்கிலத்தில் வரிசையாக நின்றன. தமிழில் ஒன்றும் எழவில்லை. "மெழுகுதிரி பையில இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

நேர்காணலில், திரையில் தோன்றிய அயல்நாட்டு அம்மையார் அவள் ஊர்த் திருநாள் ஒன்றைப் பற்றிக் கேட்டார். இருதயசெல்வி தடையின்றிச் சொன்னாள். திரி அணையும்வரை அருகிருப்போம் என்று அவள் முடித்ததும், "அப்படியானால் இன்று உங்கள் மகளருகே இருப்பது யார்?" என்று அவர் கனிவோடு வினவினார். பழகாத வினா அது. ஆயினும், "அவள் தந்தை" என்று அவள் தயங்காமல் விடையிறுத்தாள். தேர்ந்துவிட்டாள் என்று அங்கேயே சொன்னார்கள்.

மாலை வீடு திரும்பியபோது டோமினிக்கின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. "முழுசா எரியற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தேன்" என்றான். "சிலுவை மழைல சாஞ்சு கெடந்துச்சு. அங்கயே நேரா நட்டுட்டேன். எலிசாகிட்ட பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"என்னென்னமோ. ஆறு வருசத்துக்கும் சேத்து."

ஆறாண்டுக்குப் பின் அந்த வீட்டில் அப்பெயர் ஒலித்தது. அவள் அழுதாள், நெஞ்சின் கல் ஒன்று இறங்கினாற்போல் இருந்தது.

மறுநாள் காலை, பணி கிடைத்ததை மகளுக்குச் சொல்லிவர அவள் பூவோடு போனாள். டோமினிக் செய்த சிலுவை வேப்பமரத்திலிருந்து ஐந்தாவது மேட்டில் நிமிர்ந்து நின்றது. அதனடியில் மெழுகு உருகி உறைந்திருந்தது. அருகே வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக் குறி. மூன்றாவது மேடு இருந்த இடத்தில் புதுக்குழி ஒன்று வாய்பிளந்திருக்க, அமிர்தசாமி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இருதயராஜ் பெரியவரு நேத்து சாயங்காலம் தவறிட்டாரும்மா. குறி இல்லாத மேடுன்னு விடியக்கால இத வெட்டினேன்" என்றவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்தி, சிலுவை நின்ற மேட்டைக் காட்டினார். "உங்க சிலுவை அங்கதானே இருந்துச்சு? திரியும் எரிஞ்சுதே?"

மேடுகளைக் கரைத்த மழைநீர் சிலுவையைப் பெயர்த்து இரண்டு மேடு தள்ளி ஒதுக்கியிருந்தது. தன் கைவேலையைத் தவறாமல் அறிந்த தச்சன், இடத்தை அறியாமல், அதைக் கண்ட மேட்டிலேயே நட்டுவிட்டான்.

அமிர்தசாமியின் குரல் தாழ்ந்தது. "எடுத்தத வெள்ளத் துணியில கட்டி அடியிலயே வச்சிட்டேம்மா. குறையா ஒண்ணும் பண்ணல."

"அந்த அஞ்சாவது யாருது?"

"மழையில மேடெல்லாம் கரைஞ்சு போச்சு, சிலுவையப் பாத்துத்தான் உங்களுதுன்னு நெனச்சேன். யாரும் வராத குழிம்மா அது. நேத்துதான் முதமுதலா திரி எரிஞ்சுது."

அவள் பூவைக் குழிக்குள் இட்டாள். "அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு, மழைச் சேற்றில் கால் புதைய வீடு நோக்கி நடந்தாள்.

வாசலில் டோமினிக் புதுச் சிலுவைக்குத் தேக்குப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். "பாத்தியா? சரியா நட்டிருக்கேனா?"

"சரியாத்தான் நட்டிருக்கீங்க."

"நீ வெளிநாடு போனாலும் கவலப்படாத. வருசா வருசம் நான் போறேன்."

அன்புடையீர், வேப்பமரத்திலிருந்து மூன்றாவது மேடு என்பது தொலைவிலிருப்போர்க்குச் சொல்ல அவள் முப்பது முறை பழகிய சொல். அருகிலிருந்தவனுக்கு ஒரேயொரு முறை சொல்லியிருந்தால் போதும். இனி அதைச் சொல்வதற்கில்லை. சொன்னால், ஆறாண்டு கழித்து அவன் மகளோடு பேசிய பேச்சும் அவனை விட்டுப் போய்விடும். வரும் திருநாளிலும் டோமினிக் திரியேற்றி, யாருடையதென்று அறியாத மேட்டருகே, அது அணையும்வரை அமர்ந்திருப்பான்.