பவுலில் வெட்டிய தேதி

"சீரியல் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றாள் கஸ்டமர் கேர் பெண்.

சரவணம்பட்டி கால் சென்டரில் ஆறு வருசம் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களிடம் கிருபா கேட்டதும் இதே கேள்விதான். நம்பர் இல்லை என்று சொன்னவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதும் அவளுக்கு மறக்கவில்லை.

"ஸ்டிக்கர் இல்லைங்க. யாரோ தேச்சு எடுத்திருக்காங்க."

"நம்பர் இல்லாம எந்த வருசத்து மாடல்னு சொல்ல முடியாதுங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

எந்த உதவியும் செய்யாதவர்கள் கேட்கும் கேள்வி அது. கிருபா போனை வைத்தாள்.

வேலையை விட்டு எட்டு மாதமாகிறது. மதுக்கரையில் அப்பா வீட்டின் பின்கட்டில் அடுப்பு போட்டு, பழைய கேக் மிக்ஸர் ஒன்றை, அதன் எவர்சில்வர் பவுலோடு வாங்கி வைத்திருந்தாள். விற்றது சாயிபாபா காலனி தேஜஸ்ரீ. ஜெர்மனிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவள், "ரொம்பப் பழசெல்லாம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை சாயங்காலம் மிக்ஸர் ஒரு முறை கனைத்து நின்றுவிட்டது. உள்ளே கியர் பொடிப்பொடியாகக் கிடந்தது.

சனிக்கிழமை அன்புச்செல்வி அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று அடுக்குக் கேக். சர்ச்சில் பாதிப் பேர் அக்கா சொல்வதைக் கேட்பவர்கள். இது நன்றாக அமைந்தால் கிறிஸ்துமஸுக்கு நாற்பது கேக் உனக்குத்தான் என்று வாயால் சொல்லியிருந்தாள். கிருபாவுக்கு அந்த நாற்பதுதான் கணக்கு. அது வராவிட்டால் மறுபடி சரவணம்பட்டி, மறுபடி ராத்திரி.

அந்தக் கியர் ஈரோட்டில் ஜபருல்லா கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். உடைந்த துண்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"ஏனுங்க, கியர் படம் கேட்டா அவல் படம் அனுப்பியிருக்கீங்க?"

"அதுதாங்க கியரு."

"இதுல என்னத்தங்க பாக்கறது? ரெண்டு மாடல் இருக்குதுங்க. ரெண்டாயிரத்துப் பதினாலுக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு. பல்லோட சாய்வு துளி வேற. கண்ணுல பாத்தாத் தெரியாது. வருசம் சொல்லுங்க, பஸ்ஸுல போட்டு உடறேன்."

"தெரியலைங்களே."

"தெரிஞ்சுட்டுக் கூப்புடுங்க."

தேஜஸ்ரீ போன் அணைந்து கிடந்தது. கிருபா மிக்ஸரைக் கவிழ்த்தாள், புரட்டினாள், வயரில் ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் அப்பா பிரான்சிஸ், சிமென்ட் மூட்டை ஏற்றி ஓய்ந்தவர், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரியும் கண்ணு. இதுக்குப் பல்லே போயிருச்சே."

"அப்பா, சித்த சும்மா இருங்க."

"பவுலப் பாத்தயா? பாத்திரம்னா பேரு வெட்டியிருப்பாங்கல்ல."

பார்த்தாள். விளிம்புக்குக் கீழே, பாத்திரக்கடைக்காரர் கோணலாக வெட்டிய எழுத்து: 'அன்பளிப்பு. குழந்தையம்மாள், கோபி. 11.9.2017.'

அவள் உடனே ஈரோட்டுக்குப் போன் போட்டாள். "பதினேழுங்க. பவுல்லயே வெட்டியிருக்குது."

"அப்பப் புது மாடல்தானுங்க" என்றார் ஜபருல்லா.

வெள்ளிக்கிழமை காலையில் காந்திபுரத்தில் பஸ் கண்டக்டரிடம் பார்சலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். கியர் அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். ஒரு நிமிசம் ஓடியது. பிறகு பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். திறந்தால் புதுக் கியரும் அவல்.

மதியம் தேஜஸ்ரீயிடமிருந்து மெசேஜ் வந்தது. 'சாரி, இப்பதான் பாத்தேன். அது பெரியம்மா குடுத்தது. அவங்க நம்பர் தரேன்.'

கோபிசெட்டிபாளையத்தில் குழந்தையம்மாள் முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாருங்க அம்மணி? தேஜு சொன்ன மாவு பெசையற மிஷினுங்களா? நல்லாருக்குதுங்களா?"

"இல்லைங்க. உடைஞ்சு போச்சுங்க. பதினேழுல வாங்குனதுதானுங்களே?"

"வாங்குனது எப்பவோங்க. பதினேழுல தேஜு ஊட்டுக்குப் பால் காச்சுனாங்க, அதுக்குக் குடுத்தேன். எங்கூட்டுல நாலு தடவ ஓட்டிப்போட்டு மேல அட்டத்துல கெடந்துச்சு."

"ஆனா பவுல்ல பதினேழுன்னு..."

"குடுத்த தேதியத்தானுங்க வெட்டுவாங்க. வாங்குன தேதிய ஆரு வெட்டுவா?"

கிருபா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா ஏழு வருசம் அலமாரியில் வைத்திருந்து சித்தி கல்யாணத்துக்குக் கொடுத்த குடத்தில் கல்யாணத் தேதிதான் இருக்கிறது. தெரிந்த விசயம்தான்.

"அடியில ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சுங்களா?"

"அந்த ஒட்டுக் காயிதமுங்களா? பழுப்பேறி அசிங்கமா இருந்துச்சு. கம்பி நாருல தேச்சு எடுத்துப்போட்டேன். குடுக்கறது புதுசாட்டம் இருக்கோணுமல்லங்க."

கிருபா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க வாங்குனது எந்த வருசமுங்க?"

"வருசமெல்லாம் தெரியாதுங்க. ஈரோட்டுல மஞ்சளு குவிண்டாலு பதினேழாயிரம் போச்சு பாருங்க, அப்ப. எங்கூட்டுக்காரரு வித்துப்போட்டு வந்து, கேட்காமயே வாங்கிட்டு வந்தாரு. எனக்குக் கேக்கே சுடத் தெரியாதுங்க."

மஞ்சள் அந்த விலைக்குப் போனது எப்போது என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே போனில் தேடினாள். பின்கட்டிலிருந்து பிரான்சிஸ் சத்தம் போட்டார். "உங்கம்மா மஞ்சத்தூள் வாங்காம மொறச்சுட்டு வந்த வருசம் கண்ணு. நீ பத்தாவதுக்குப் பரீட்சை எழுதுன." அப்படியானால் இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று. பழைய மாடல்.

ஜபருல்லாவைக் கூப்பிட்டாள்.

"அடடா. பழசு ஒண்ணுதாங்க இருந்துச்சு. காத்தால கரூர் பார்ட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு. செவ்வாக்கெழமைக்கு வந்துருமுங்க."

அன்று பொழுது சாயும்வரை அவளும் அப்பாவும் மாறி மாறிக் கையால் வெண்ணெய் அடித்தார்கள். மூட்டை தூக்கிய தோள் என்று பெருமை பேசியவர் அரை மணியில் உட்கார்ந்துவிட்டார். கிரீம் பொங்கவில்லை. சனிக்கிழமை மண்டபத்துச் சூட்டில் நடு அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. போட்டோ எடுத்தவர் கேக்கை விட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்துமஸ் ஆர்டரு என்னாச்சுங்க்கா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றாள் அன்புச்செல்வி, சிரித்த முகமாக. இந்த ஊரில் 'இல்லை' என்பதை அதற்குமேல் மரியாதையாகச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை கியர் வந்தது. மாட்டினாள். மிக்ஸர் பூனை மாதிரி உறுமிக்கொண்டு காலிப் பவுலில் சுற்றியது. அணைத்தாள். பவுலைக் கழற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள்.

பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்தார். "என்ன பேருங்க போடறது?"

"பேரு வேண்டாம். இந்தத் தேதிக்குக் கீழ, '2010-11, பழைய மாடல்'னு வெட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எறந்தவங்க நெனப்புக்குங்களா?"

"இல்லைங்க. அடுத்து வாங்கறவங்களுக்கு."

"விக்கப் போறீங்களா?"

கிருபா பவுலை அவர் பக்கம் நகர்த்தினாள். மறுபடி வேலைக்கு வரச் சொல்லிச் சரவணம்பட்டிக் கம்பெனியிலிருந்து காலையில் வந்த மெசேஜுக்கு அவள் இன்னும் பதில் போடவில்லை.

"வெட்டுங்க" என்றாள்.