தம்பிக்கு ஒரு இங்கிலீஷ் சொல்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபைல் திரும்பி வந்துவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டைப்பிங் சென்டருக்குள் நுழைந்தாள். பின்னாலேயே கொழுந்தன் பேச்சிராஜ். தறி ஓட்டுகிறவன், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் வெள்ளத்துரைக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷமாகிறது. என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்தவன் பேச்சிராஜ். ரத்தம் பொருந்தியது. மற்ற டெஸ்டும் பொருந்தியது. விண்ணப்பத்தில் உறவு என்ற இடத்தில் இருந்த சொல்தான் பொருந்தவில்லை.

போன மாதம் உறவு என்ன என்று கேட்டபோது தம்பி என்று ஆறுமுகத்தாய் சொன்னாள். கடைக்காரி சண்முகசுந்தரி பிரதர் என்று அடித்துக் கொடுத்தாள். ஆதாரில் இருவருக்கும் தகப்பன் பெயர் வேறு. காசு கொடுத்து ஆள் பிடித்து வந்து தம்பி என்கிறார்களோ என்று, கிட்னி மாற்ற அனுமதி கொடுக்கும் ஆஸ்பத்திரி கமிட்டி சந்தேகப்பட்டுவிட்டது.

"கூடப் பொறந்தவரு இல்லையாக்கா இவரு?"

"எங்க மாமனாரோட தம்பி மகன். ரெண்டு வயசுலயே தகப்பன் தாயி ரெண்டு பேரும் போயிட்டாவ. எங்க மாமியாதான் சோறு ஊட்டி வளத்தா. அவனைத் தம்பின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லுவாவ?"

அப்படியென்றால் கசின் என்றுதான் போடவேண்டும் என்றாள் சண்முகசுந்தரி. பிரதர் என்றால் நெருங்கிய உறவு, வேலை சீக்கிரம் முடியும். கசின் என்றால் பாசத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள், தனித்தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள், நாளாகும்.

நாள்தான் இல்லை. டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு இரண்டாவது தடவையும் அடைத்துவிட்டது. இன்னொரு தடவை அடைத்தால் அந்தக் கை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன் காலப் பிடிக்குதேன் தாயி. இவனுக்கும் எங்க மாமனார் பேரையே தகப்பன்னு மாத்திப் போட்டுரு."

மாட்டினால் பொய் ஆவணம் கொடுத்ததாகக் கேஸ் வரும், அப்புறம் இவர் கிட்னியை எந்த ஆஸ்பத்திரியும் தொடாது என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே சண்முகசுந்தரி கசின் என்று அடித்தாள்.

கசின் என்றால் யார் என்று பேச்சிராஜ் கேட்டான். சித்தப்பா மகன், மாமா மகன், அத்தை மகன் எல்லாருக்கும் அதே சொல்தான் என்றாள்.

"மாமன் மகனும் நானும் ஒண்ணாம்மா? அவன் பொண்ணு கட்டுத முறை. நான் கொள்ளி வைக்குத முறை. இங்கிலீஷ்காரன் ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சிருக்கான்."

சண்முகசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. ஆறுமுகத்தாயைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அத்தாட்சிக்கு ஆஸ்பத்திரியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்திருக்கும் போட்டோ கேட்டார்கள். பனவடலிசத்திரத்து வீட்டில் மூன்று ஆல்பத்தைப் புரட்டியும் ஒன்று அகப்படவில்லை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பேச்சிராஜ் சாம்பார் வாளியோடு பந்தியில்தான் நின்றிருக்கிறான். மேடைக்கு வந்தவனில்லை. கடைசியில் கிடைத்தது மாமனார் இறந்தபோது அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் மகன்கள் என்று போட்டு வெள்ளத்துரை, பேச்சிராஜ் என்று இரண்டு பெயர்.

அதைக் கொடுத்தால் மறுபடியும் குழப்பமாகும் என்று சண்முகசுந்தரி தடுத்தாள். வேறு என்ன இருக்கிறது என்று ஆறுமுகத்தாய் அதையும் சேர்த்துக் கட்டினாள்.

கமிட்டி அறையில் முதலில் பேச்சிராஜைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் மதுரை வரைக்கும் முணுமுணுத்து வந்த சொல்லைத் தவறாமல் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அடுத்து சக்கர நாற்காலியில் வெள்ளத்துரை. ஆறுமுகத்தாய் தள்ளிக்கொண்டு போனாள்.

பெரிய டாக்டர் போஸ்டரை மேஜையில் விரித்தார். சித்தப்பா மகன் என்கிறீர்கள், இதில் உங்கள் அப்பாவுக்கு மகன் என்று இருக்கிறதே, எது பொய் என்று கேட்டார்.

வெள்ளத்துரை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"எங்கய்யா செத்த அன்னைக்கு நான் டயாலிசிஸ் படுக்கையில கிடந்தேன் சார். தலைமகன், சுடுகாட்டுக்குப் போக முடியல. மொட்டை போட்டுக் கொள்ளி வச்சவன் அவன்தான். கொள்ளி வச்சவன் பேரை மகன்னுதான் சார் எங்க ஊர்ல அடிப்போம். அதுவும் பொய் இல்ல, இதுவும் பொய் இல்ல."

டாக்டர் இங்கிலீஷில் நாலு வரி எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று ஆறுமுகத்தாய் கேட்டாள். அவர் சொன்னதைத்தான் என்றார். ஒத்துக்கொள்வார்களா என்பதை இப்போது சொல்ல முடியாது, மூன்று வாரத்தில் தபால் வரும்.

வெளியே வராந்தாவில் வெள்ளத்துரை தண்ணீர் கேட்டார். பேச்சிராஜ் பாட்டில் மூடியில் அரை மூடி ஊற்றி அவர் உதட்டில் வைத்தான். அந்த வேளைக்கு டாக்டர் சொன்ன அளவு அவ்வளவுதான் என்பது அவனுக்குத் தெரியும்.

"சரியாச் சொல்லிட்டேன் மதினி. கசின்னுதான் சொன்னேன். இனி பயமில்லைல்லா?"

வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், மூன்று வாரம் என்றால் ஒன்பது தடவை ஊசி. ஆறுமுகத்தாய் வீட்டுக்காரரின் கையைத் தன் மடியில் வைத்து, ஊசி குத்த இன்னும் எங்கே இடமிருக்கிறது என்று முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.