பக்கத்துக் காம்பரா

வட்டவளைக்கு மேலே பெற்றீசியாவின் மர வீட்டில் வடக்குச் சுவரைத் தட்டினால், சுவர் திரும்பத் தட்டும். அந்தப் பக்கம் ஆள் கிடையாது. தேயிலைச் சரிவும் பனியும்தான்.

வீடு வந்த கதையில் அதிசயம் ஒன்றுமில்லை. அடைமழையில் மண் சரிந்து, காம்பராக்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற தோட்டத்து லயம் வெடித்தபோது சனமெல்லாம் டிக்கோயாப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சிதறியது. பக்கத்துக் காம்பரா ஷிராணி மகனோடு கொழும்புக்குப் போனாள். புருசன் செத்து, மகள் குவைத்தில் இருக்க, போக்கிடமில்லாமல் நின்றவள் பெற்றீசியா ஒருத்திதான். சரிந்த மண் கல்வீட்டின் பாரத்தைத் தாங்காது என்று ஒரு நிறுவனத்தார் அவளுக்கு மாதிரி வீடொன்றைக் கொண்டுவந்தார்கள். பைன் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்திய கனத்த சுவர்கள். லொறியில் இறங்கிய சுவர்களைப் பூட்டி ஒரே வாரத்தில் வீட்டை நிமிர்த்திவிட்டார்கள். சீமெந்தைப்போல இதைச் சூளையில் வேக வைக்க வேண்டியதில்லை, வெட்டிய இடத்தில் கன்று நடலாம், மரம் உயிரோடு இருந்தபோது குடித்த காற்றெல்லாம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும் என்று இஞ்சினியர் கஜேந்திரன் பெருமையாகச் சொன்னார். சோதனை முடிந்ததும் மற்றவர்களுக்கும் கட்டுவதாகப் பேச்சு. சோதனை இன்னும் முடியவில்லை.

பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டு இருமலையும் சண்டையையும் கேட்டே தூங்கியவளுக்கு, நாலு பக்கமும் வெளி உள்ள வீடு பெரிய தண்டனையாக இருந்தது. லயத்தில் தேத்தண்ணி ஊற்றியதும் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவாள். ஷிராணி பதிலுக்குத் தட்டிவிட்டு வந்து உட்காருவாள். புது வீட்டில் முதல் நாளே கை மறந்துபோய்த் தட்டிவிட்டது. தன்னையே நொந்துகொண்டு கோப்பையை எடுத்தபோது சுவர் இரண்டு தட்டுத் தட்டியது. ஷிராணியின் தட்டு அதிகாரமாக இருக்கும். இது புதிதாகக் குடிவந்தவர் தட்டுவதுபோலத் தயங்கித் தயங்கி வந்தது. பெற்றீசியா அழுதேவிட்டாள். பிறகு தினமும் தட்டினாள்.

அடுத்த வருடம் கஜேந்திரன் வந்து பார்த்து, வடக்குச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது, கழற்றிவிட்டு வேறு பூட்ட வேண்டும் என்றார்.

"கழட்டாதீங்க சேர். அது பக்கத்து வீடு."

அந்தப் பக்கம் யாருமே இல்லையே என்றார் அவர்.

"இந்தப் பக்கமும் யாருமில்லீங்க. அதான் அதுவும் தட்டுது."

அவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சுவரைத் தட்டினாள். பதில் வந்தது. தேத்தண்ணி ஆறும்வரை கஜேந்திரன் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கூரையை அந்தப் பக்கம் நீட்டி, மழை படாமல் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நத்தாருக்கு அவள் பலகாரத் தட்டை வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அதாவது வடக்குச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாலன் பிறப்புப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பலகாரம் இல்லை. தட்டில் பிசின் வடியும் பச்சைப் பைன் காய் ஒன்று இருந்தது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லைதானே. பெற்றீசியா காயைச் சொரூபத்தின் பக்கத்தில் வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றினாள்.