மீதி ஆறு துண்டுகள்

அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை தேவசேனா மூன்று முறை படித்தாள். மீன், அரிசி மாவு, சோள மாவு, எண்ணெய், உப்பு. முன்பக்கத்தில் ஒரு கோதுமைக் கதிர், அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. இது போதும் என்று நினைத்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு சோப்பு கம்பெனியில் அவளுக்கு லேபிள் சரிபார்க்கும் வேலை. பெட்டிக்குள் இருப்பதும் பெட்டி மேல் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுத்தை நம்பலாமா கூடாதா என்பது தனக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு துணிவு உண்டு.

அந்தக் கம்பெனி பஸ்ஸைத் திருப்பதியிலிருந்து ஓட்டிப்போகிறவன் அவள் புருஷன் முனிரத்தினம். ஏழு மாதத்துக்கு முன்னால் சித்தூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கோதுமை உன் குடலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்றோடு வீட்டில் பூரி, சப்பாத்தி, சேமியா, பிஸ்கட் எல்லாம் நின்றன. வயிறு மட்டும் அடங்கவில்லை. போன இரண்டு மாதத்தில் மூன்று தடவை, நாகலாபுரம் தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்கில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறான். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது சீட்டில் இருக்கும் தேவசேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வண்டிகளுக்குப் பொறுப்பான ரமணா கடைசியாகச் சொல்லிவிட்டான்: “அன்னா, மாசக் கடைசி வரிக்கும் பாப்பேன். அப்புறம் உன்னை ஷெட்டுல உக்கார வெக்கறதத் தவிர எனுக்கு வேற வழி இல்ல.”

ஸ்டியரிங் பிடிக்காத முனிரத்தினத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதிகம் பேசாதவன். பேச வேண்டியதையெல்லாம் கியரில் பேசுகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை மீனைப் பொரித்தபோது அவன் அக்கா ரத்னம்மா சித்தூரிலிருந்து வந்திருந்தாள்.

“இன்னாடி இது, கல்லு மாரி கீது?”

“ஐஸ் மீனு அண்ணி. அப்படியே எண்ணெயில போடணும்.”

“கழுவலியா?”

“கழுவக் கூடாது. மேல கீற மாவு பூடும்.”

“மஞ்சாத்தூளு?”

“கூடாது.”

“மொளகாத்தூளும் இல்லியா? அப்புறம் மீனு எதுக்குடி, அந்த அட்டையே துன்னலாமே!”

புதுச் சட்டி, புது எண்ணெய். பூரி பொரித்த பழைய சட்டியை அவள் எப்போதோ பரண்மேல் போட்டுவிட்டாள். பெட்டியிலிருந்த பன்னிரண்டில் ஆறு துண்டைப் போட்டாள். ஓரம் பொன்னிறமாகி மொறுமொறுவென்று வந்தது. சுடச்சுட ரசம் ஊற்றிய சோற்றோடு முனிரத்தினம் இரண்டு துண்டு தின்றான். தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

“இன்னொண்ணு போடு,” என்றான்.

ஏழு மாதத்தில் அவன் கேட்டு வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ரத்னம்மா சும்மா இருப்பாளா? “குடிபாலா ஏரி மீன துன்னு வளந்த ஒடம்புக்கு டப்பா மீன குடுத்தா இன்னா ஆவும்?” என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் மெல்ல எழுந்தான். அட்டைப்பெட்டியை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் வைத்தான். “மீதிய பக்கத்து வூட்டு சபீனாவுக்குக் குடுத்துடு,” என்றான்.

அவள் கொடுக்கவில்லை. பிரிட்ஜில் ஐஸ் தட்டுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

திங்கள் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட நாட்கள் அவளுக்குப் பழக்கம்தான். அமைதியாக இருக்கும்போது யோசிக்க முடிகிறது. செவ்வாய் இரவு சோறு, ரசம், உருளைக்கிழங்கு. புதன் விடியற்காலை அவனுக்கு மறுபடியும் வயிற்று வலி. பஸ்ஸில் உட்கார்ந்து அவன் பின்கழுத்தையே பார்த்தபடி வந்தவளுக்குப் புத்தூர் தாண்டும்போது ஒன்று தெளிவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மீன் இல்லை.

சாயங்காலம் அவனிடம் சொன்னாள். “மாமா, சனிக்கிழம மீதி ஆறு துண்டையும் பொரிக்கறேன். மீனு, வெறும் சோறு, எலுமிச்சம்பழம். வேற ஒண்ணும் கெடயாது.”

அவன் பஸ் சாவியை ஆணியில் மாட்டினான். “மறுபடியும் புடிச்சிக்கிச்சின்னா?”

“நானே ரமணாகிட்ட போய், இவர ஷெட்டுல போடுங்கன்னு சொல்றேன்.”

“அம்மாந் தைரியமா உனுக்கு?”

“மீனு மேல தைரியம்தான். உன் வவுத்து மேல இல்ல.”

சிரித்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் நாலு துண்டு தின்றான். அவள் இரண்டு. பிறகு காத்திருந்தார்கள். அவன் பாயில் மல்லாந்து, வேறு ஒருவனுடைய வயிற்றைக் கவனிப்பதுபோல் கையை மேலே வைத்துக்கொண்டிருந்தான். நாலு மணி ஆனது, ஆறு ஆனது. “ஒண்ணும் இல்லியே,” என்றான், ஏமாந்தவன்போல. ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

அப்படியென்றால் வலி வந்த இரண்டு தடவையும் இருந்த ரசம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ரசத்துக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் அவள் அடுப்படித் தரையில் வரிசையாக வைத்தாள். புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, மஞ்சள், உப்பு. ஒவ்வொன்றும் பார்த்தாலே இன்னதென்று தெரிகிற பொருள். கடைசியாக அந்த மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா. பெருங்காயத்தூள். நகரியிலிருந்து கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தனுப்பிய டப்பா. நான்கு வருஷமாகப் புது பாக்கெட் வாங்குவதும், இதில் கொட்டுவதும், உறையை வீசுவதும்தான் வழக்கம். ஊரார் பெட்டிகளையெல்லாம் படிக்கிறவள் இதை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை.

தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். பெருங்காயம் என்ற வார்த்தைக்கு முன்னாலேயே கோதுமை மாவு என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த கடைக்காரர், வேண்டுமா வேண்டாமா என்று தெலுங்கில் கேட்டார்.

“காவாலா, ஒத்தாம்மா?”

“ஒத்து,” என்று பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் சொன்னபோது முனிரத்தினம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். “ஏழு மாசமாவா?”

“ஏழு மாசமா நானே போட்டுக் குடுத்துக்கினு கீறேன்.” அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “இனிமே போட மாட்டேன்.”

அவன் டப்பாவை எடுத்து மோந்து பார்த்தான். “இத கம்பெனியில சொல்லிடாத, தேவு. லேபிளு வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க.”

அன்று ரசத்தில் இரண்டு பல் பூண்டு கூடுதலாகத் தட்டிப் போட்டாள். ரத்னம்மா போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்னிக்கி நீ மீனு மேல மொளகாத்தூளு தூவியிருந்தா இவ்ளோ தொல்லையே இல்ல,” என்று தீர்ப்புச் சொன்னாள்.

மாதக் கடைசி நாளில் ரமணா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நாகலாபுரம் வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. ரமணா முனிரத்தினத்தின் காலையே பார்த்தான்; அந்தக் கால் பிரேக் பக்கம் போகவில்லை. முனிரத்தினம் கியரை மாற்றினான். வண்டி வேகமெடுத்தது. தேவசேனா ஜன்னல் பக்கம் திரும்பாமல் ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் இன்னொரு பெட்டி மீன் வாங்க வேண்டும். ஒரு தடவை மிளகாய்த்தூள் தூவித்தான் பார்ப்போமே, பாக்கெட்டைப் படித்துவிட்டு.