தடியனின் ஐந்தாவது ஸ்வெட்டர்

சலவைக்கடை மாடியில் குடியிருக்கும் பின்னல்காரி போட்டுக்கொடுக்கும் ஸ்வெட்டரை எந்த நாய்க்கு மாட்டினாலும், ஒரு மணி நேரத்துக்குள் நாயின் உடம்பு ஸ்வெட்டரின் அளவுக்கு வந்துவிடும். நாற்பது நிமிடம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. பதினோரு வருடம் இது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. கழுத்து, மார்புச் சுற்று, முதுகு நீளம் என்று மூன்று அளவு எடுத்து, காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, நான்கு நாளில் கொடுத்துவிடுவாள். ஸ்வெட்டர், குல்லாய், மழைக்காலக் கால் உறை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. கைராசி என்றார்கள். அரை அங்குலம் முன்னே பின்னே போனபோதெல்லாம் நாய்கள்தான் சத்தமில்லாமல் அனுசரித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மருந்துக்கடைக்காரரின் நாய்க்கு மார்புச் சுற்றையும் முதுகு நீளத்தையும் மாற்றிக் குறித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது ஒல்லியாகி பெஞ்சு நீளத்துக்குப் போனது. கடைக்காரர் கோபப்படவில்லை. இப்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் தடவிக்கொடுக்க வசதியாக இருக்கிறது என்றார்.

அந்த வருடக் குளிரில்தான் அவளுடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக், ஆறு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போனான். மனைவி பிரிந்துபோன பிறகு அவன் வீட்டில் அவனும் தடியன் என்கிற பழுப்பு நாயும்தான். முழங்கால் உயரமிருந்த தடியனை அக்காவிடம் விட்டுவிட்டு, படியிறங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

“எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்க்கா. பாத்துக்கோ.”

அந்த வார்த்தை அவளை விடவேயில்லை. எட்டாம் நாள் தடியன் குளிரில் நடுங்கியது. மருந்துக்கடைத் தவறு நினைவில் இருந்ததால் மூன்று அளவையும் மும்முறை எடுத்து, ஒரு கண்ணி கூடக் குறையாமல் எண்ணித்தான் பின்னினாள். ஆனால் கவலையோடு பின்னுகிறவள் தன்னையறியாமல் நூலை இறுக்குவாள். கண்ணிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் துணி சிறுத்துவிடும். ஸ்வெட்டரை மாட்டிய அன்று மதியம் தடியன் பூனை அளவுக்கு ஆகியிருந்தது.

கழற்றிப் பார்த்தும் பயனில்லை. வேறு நாய்களின் பழைய ஸ்வெட்டரை மாட்டியும் பார்த்தாள். ஒரு நாயை ஒரு முறை அளவாக்கிய ஸ்வெட்டர் அதன் பிறகு வெறும் கம்பளிதான். புதிதாகப் பின்னுவது ஒன்றே வழி. இரண்டாவதற்குக் கண்ணிகளை இரட்டிப்பாக்கினாள். பயமும் இரட்டிப்பாகியிருந்தது. ஊசி வளைகிற அளவுக்கு நூலை இழுத்திருந்தாள். தடியன் தேநீர்க் கெட்டில் அளவுக்கு வந்தது. மூன்றாவதில் கணவரின் சாப்பாட்டு டப்பாவுக்குள் படுத்துக்கொண்டது. நான்காவதில் டம்ளருக்குள் நின்று குரைத்தது.

தினமும் மாலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்து, தடியனின் குரலைக் கேட்க வேண்டும் என்பான். அவள் தடியனை டம்ளரோடு போன் அருகே கொண்டுபோவாள். குரல் ஏன் இவ்வளவு மெல்லிசாக வருகிறது என்று கேட்டதற்கு, லேசாகச் சளி என்றாள். அதற்குப் பிறகு தினமும் மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டான், அவளும் கொடுத்தேன் என்றாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபது வருடத்தில் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை, சிவப்பு விளக்கில் கண்ணயர்ந்துவிடுவார். டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, “சின்னதானா சோறு மிச்சம்தானே,” என்றார்.

“உங்க தலையில தீப்பிடிச்சாகூட, எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் திரும்புவீங்க,” என்றாள். அவர் மறுக்கவில்லை.

தம்பி வர ஐந்து நாள் இருந்தது. இன்னொன்று பின்னினால் தடியன் பாசிமணி அளவாகும், அதற்கு மேல் பின்ன அத்தனை மெல்லிய ஊசி இல்லை என்று அவள் கணக்குப் போட்டாள். பிறகு ஊசிகளைக் கணவரின் கையில் வைத்தாள்.

“எனக்கு என்னடி தெரியும்?”

“தெரிஞ்சவ பின்னின லட்சணத்தைத்தான் டம்ளர்ல பாக்கறீங்களே.”

ஊசி அவளுடையது என்பதால் பலிக்கும் என்று நம்பினாளே தவிர, வேறு ஆதாரம் எதுவும் இல்லை. அவர் மூன்று மாலைகள் டிவியில் மேட்ச் பார்த்தபடியே பின்னினார். ஒவ்வொரு கண்ணியிலும் விரல் நுழைந்தது. இடது பக்கம் ஒரு கண்ணி நழுவியதைக் கவனித்தார், ஆனால் கடைசி ஓவர் என்பதால் திரும்பிப் போகவில்லை. அவள் பார்க்கக்கூடாது, பார்த்தால் வாங்கி இறுக்கிவிடுவாள் என்று அவளைச் சமையலறைக்கு அனுப்பியிருந்தார்.

நான்காம் நாள் காலை ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, தடியனைக் கரண்டியில் எடுத்து உள்ளே விட்டார்கள். கம்பளிக்கடியில் ஒரு சிறு மேடு அங்குமிங்கும் அலைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கழுத்து வழியாக ஒரு மூக்கு வந்து தும்மியது.

தடியன் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. இடது விலாவில், கண்ணி நழுவிய இடத்தில், கை முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே மறுபக்கத்து கேஸ் சிலிண்டர் தெரிந்தது. ரத்தமில்லை, வலியுமில்லை. சோறு வைத்தபோது மூன்று தட்டு சாப்பிட்டது, எதுவும் வெளியே விழவில்லை.

மறுநாள் தம்பி வந்தான். என்ன சொல்வது என்று அவள் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் பையை இறக்காமல் நாயை ஒரு முறை சுற்றிவந்தான். குனிந்து ஓட்டை வழியே பார்த்தான். பிறகு கையை உள்ளே விட்டான். மறுபக்கம் நீண்ட விரல்களைத் தடியன் கழுத்தைத் திருப்பி நக்கியது.

“சளி போயிடுச்சாக்கா?”

“போயிடுச்சு.”

“அப்ப சரி,” என்று சங்கிலியை எடுத்துக்கொண்டான்.

மழைக்காலத்துக்கு மட்டும் ஓட்டைக்கு ஒரு மூடி பின்னிக் கொடுத்தார்கள். அதையும் கணவர்தான் பின்னினார். மற்ற நாட்களில் தடியன் தம்பி வீட்டின் திறந்த வாசலை அடைத்துப் படுத்திருக்கிறது. மணி அடித்தால் தம்பி எழுந்து போவதில்லை. வந்திருப்பது யாரென்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நாயின் ஊடே பார்த்துக்கொள்கிறான்.