பெரட்டில் ஒரு புதுப் பெயர்

மலைக்கோயில் பூசாரி செய்வதும் பூசை, மாதா கோயில் சாமியார் செய்வதும் பூசை. என் மனைவி தெரேசா தொடங்கிய தொழிலுக்கு என்ன பெயர் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் பொதுவாகச் ‘சாங்கியம்’ என்றார்கள். அவளுக்குச் ‘சாங்கியக்காரம்மா’ என்று பட்டம் கட்டினார்கள். நான் கிறுக்கு என்றேன். கட்டிய புருஷன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை இருந்தது.

எழுபத்தாறில் ஆரம்பித்தது. லயத்தில் எங்கள் சுவரை ஒட்டிய காம்பராவில் இருந்த செல்லசாமி குடும்பம் இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பலேற நாள் வந்துவிட்டது. அப்படிப் போகிறவர்களை ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பியவர்களுக்குத் தெரியும், அங்கே அழத்தான் முடியும், ஒரு வார்த்தை பேச முடியாது. சொல்ல நினைத்ததெல்லாம் ரயில் போன பிறகுதான் ஞாபகம் வரும். அதனால் தெரேசா அவர்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே லயத்தைக் கூட்டினாள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டு ஒரே பானையில் பொங்க வேண்டும். அரிசி போடுகிறவர், இதுவரை சொல்லாத ஒன்றைச் செல்லசாமியிடம் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக அவனோடு பேசாமல் இருந்த அண்ணன்காரன் முறை வந்ததும், “ஓங் கோழிய நான்தாண்டா அடிச்சேன்” என்றான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த அமளியில் சோற்றுக்கு உப்புப் போட எல்லோருமே மறந்துபோனோம்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிற மருத்துவச்சி வந்தாள், ஆஸ்பத்திரியில் ஒரு காலை விட்டுவிட்டுத் திரும்பிய, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரன் வந்தான், வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கோயிலுக்கும் ஆகாமல் போன பையன் ஒருவன் வந்தான். யார் வந்தாலும் தெரேசா முதலில் மூன்று நாள் கேள்வி கேட்பாள். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குச் செய்ய மாட்டாள். “அது அவுங்களுக்கு அளவெடுத்ததுங்க” என்பாள், ஏதோ சட்டை தைக்கிறவள் மாதிரி.

பகலெல்லாம் மலையில் கொழுந்து. பொழுது சாய்ந்தால் ரொட்டி தட்ட வேண்டும், எங்கள் பிள்ளைகள் டோரீனுக்கும் சின்னவனுக்கும் பாடம் பார்க்க வேண்டும். அதற்கு நடுவில்தான் இந்த யோசனையெல்லாம்.

“ரொட்டி கரியுது தெரேசா.”

“மருத்துவச்சியம்மா கையப் பத்தி என்ன சொல்லலாமுன்னு பாக்குறேங்க.”

“மொதல்ல ஓங் கையில இருக்குறதப் பாரு.”

சிரித்துக்கொண்டே கரிந்த ரொட்டியைத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். நான் கங்காணி. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் நாற்பது பெண்களின் பெயரைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறவன். என் குரல் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் பெண்சாதி பூசாரி வேலை பார்த்தால் நாலு பேர் கேலி பண்ணாமல் இருப்பார்களா? பண்ணினார்கள்.

எழுபத்தெட்டில் நாகலெட்சுமி வந்தாள். கையில் நாற்பது நாள் பெண் குழந்தை. அவளுக்கும் பழனியாண்டிக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் அவன் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ் வந்து, மார்கழியிலேயே எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. மூன்று கடிதம் போட்டாள், பதில் இல்லை. அப்பன் வந்து காதில் சொல்லாமல் பேர் வைக்க முடியாது என்று பூசாரி கையை விரித்துவிட்டார். லயம் சும்மா இருக்குமா? ‘கப்பல் புள்ள’ என்று அதுவாகவே ஒரு பேரை வைத்துவிட்டது. முதலில் அப்படிச் சொன்னது எட்டாம் காம்பரா வீரம்மா.

“இன்னும் ரெண்டு மாசம் போனா இதே நெலச்சுப் போயிரும்க்கா” என்றாள் நாகலெட்சுமி. “நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் இப்புடித்தான் கூப்புடுவாங்க. எம் புள்ளைக்கு ஒரு பேரு வேணும்.”

அவள் போன பிறகு தெரேசா என்னிடம் சொன்னாள்: “பேரு வைக்கிறது பெரிய வேலை இல்லீங்க. லயத்து வாயில அது வரணும். வரலேன்னா நான் செஞ்சது வீண்.”

மேளக்காரர்கள் பூசாரிக்குப் பயந்து வர மாட்டேன் என்றார்கள். அதனால் மாயாண்டியைக் கேட்டாள். இருபது வருஷமாக விடிகாலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்து எங்களை எழுப்புகிறவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வாசலில் பாய் விரித்தோம். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று எல்லோரும் வந்தார்கள். வீரம்மா முன்னாலேயே உட்கார்ந்தாள். தெரேசா விளக்கேற்றி, மாயாண்டியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் கல்யாண அடியில்தான் ஆரம்பித்தான். இத்தனை கண்கள் அவனைப் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடியதும் கை அதன் பழைய வழியில் போய்விட்டது. பெரட்டுத் தப்பு.

பாயில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி சேலையை வரிந்து கட்டினாள். இன்னொருத்தி சுவரோரம் இருந்த கொழுந்துக் கூடையை எடுத்தே விட்டாள். மறைப்பானேன், நானும் எழுந்து சட்டைப் பையில் பென்சிலைத் தேடினேன். பிறகுதான் யாரோ களுக்கென்று சிரிக்க, லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நாகலெட்சுமி பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு, உள்ளே போக எழுந்தாள். தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தெரேசாவைப் பார்த்தேன். அவள் பதறவே இல்லை.

“மாயாண்டிண்ணே, நிறுத்தாதீங்க. அதையே அடிங்க” என்றாள். பிறகு பெண்களிடம் திரும்பினாள். “எந்திரிச்சது சரிதான். இது பெரட்டுதான். வரிசையா நில்லுங்க.”

பழக்க தோஷம், நின்றார்கள்.

“பெரட்டுல நம்மகிட்ட யாராச்சும் ஒங்கப்பன் எங்கேன்னு கேட்டாங்களா? பேரக் கூப்புடுவாங்க, இருக்கேன்னு சொல்லுவோம். அம்புட்டுத்தானே?”

சிரிப்பு நின்றது. தெரேசா என்னிடம் வந்து, “கங்காணி, பேரு கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டு, காதில் அந்தப் பெயரைச் சொன்னாள். நாகலெட்சுமியின் அம்மா பெயர். பத்து வருஷம் தினமும் நான் கூப்பிட்ட பெயர். பஞ்ச வருஷத்தில் அவள் செத்தபோது நானேதான் அதைப் பேர் எழுதும் பெரட்டுக் கொப்பியில் வெட்டினேன். அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள் வீரம்மா.

“அழகம்மா” என்றேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராத பெயருக்குப் பெரட்டில் அன்றைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். நாகலெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை என் நிஜக் குரலில் கூப்பிட்டேன். பிள்ளை தூக்கிப்போட்டு வீலென்று கத்தியது.

“அழகம்மா இருக்கா கங்காணி” என்றாள் வீரம்மா. “எதுக்கு இப்புடிக் கத்துறீங்க? புள்ள பயந்துருச்சில்ல.” அதே வேகத்தில் வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். “ஒண்ணுமில்ல அழகம்மா. ஒண்ணுமில்லடி.”

நாகலெட்சுமி வாய்விட்டு அழுதாள். மூன்றாம் தடவை கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. அடுத்த டிவிஷனுக்குக் கேட்கிற குரல், அடுத்த ஆளுக்குக் கேட்காமல் போய்விட்டது. தெரேசா முழங்கையால் இடித்தாள். எப்படியோ கூப்பிட்டேன். “இருக்கா” என்று லயம் முழுக்கச் சொன்னது. கூட்டத்துக்கு நடுவில் நின்ற என் பெண்சாதியைப் பார்த்தேன். இவள் என் வீட்டில் இருக்கிறாளே என்று அப்படியொரு பெருமை வந்தது. இத்தனை நாள் கேலி செய்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், முன்பின் பார்த்திராத ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். டிக்கோயாப் பக்கம் என்றார்.

“ஐயா, அழகம்மாவுக்குப் பேரு வச்ச அம்மாவோட வீட்டுக்காரரு நீங்கதானுங்களே?”

டிக்கோயாவிலிருந்து வந்தவர் வாயில் அழகம்மா. கப்பல் என்ற பேச்சே இல்லை.

“ஆமாங்க, நான்தான்” என்றேன். நான் ஒரு கங்காணி என்று அவரிடம் சொல்ல மறந்தே போனேன்.